பாலிமர் உருவகப்படுத்தலில் காலம் என்னும் தடை

முதுகலை வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பாலிஎத்திலீன் போன்ற பாலிமர்களைக் கணினியில் உருவகப்படுத்தும் ஆய்வுகளைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் கார்பனையும் ஹைட்ரஜனையும் காணோம், மணிகளும் அவற்றைக் கோக்கும் சுருள்வில்களுமே இருக்கின்றன. கோடிக்கணக்கான அணுக்களைக் கையாளும் கணினிகள் வந்துவிட்ட பிறகும் ஏன் இந்தச் சுருக்கம்? அணுக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெற்ற விடையை எந்த அளவுக்கு நம்பலாம்?

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் முதற்கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: அணுக்களின் எண்ணிக்கைதான் தடையாக நிற்கிறது என்னும் எண்ணம். அதை ஒரு சிறு கணக்கால் சோதித்துப் பார்க்கலாம்.

மூலக்கூறு எடை 1,00,000 உள்ள, கிளைகளற்ற ஒரு பாலிஎத்திலீன் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கார்பனும் அதனோடு ஒட்டிய இரண்டு ஹைட்ரஜன்களும் சேர்ந்து 14 அலகு எடை. ஆகவே சங்கிலியில் ஏறத்தாழ 7,100 கார்பன்கள் இருக்கும். பிணைப்புகள் கோணலும் மாணலுமாகச் செல்வதால், ஒரு கார்பனுக்கு 0.127 நானோமீட்டர் வீதம் கணக்கிட வேண்டும். முழுவதும் நீட்டிப் பிடித்தால் சங்கிலியின் நீளம் 900 நானோமீட்டர் அளவுக்கு வரும். உருகிய நிலையில் எந்தச் சங்கிலியும் அப்படி நீட்டி நிமிர்ந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு பிணைப்பும் தனக்கு வசதியான மூன்று திருகு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் அமர்கிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படித் தனித்தனியே நிகழும் திருகல்களின் விளைவாக, முனைக்கு முனை சராசரியாக 35 நானோமீட்டர் தொலைவே உள்ள ஒரு தளர்வான உருண்டையாகச் சங்கிலி சுருண்டுகொள்கிறது. இந்த உருண்டைக்குள் அதன் சொந்த அணுக்கள் பிடித்துக்கொள்ளும் இடம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி இடமெல்லாம் அண்டைச் சங்கிலிகளின் குடியிருப்பு. கூட்டிப் பார்த்தால், ஒரு சங்கிலியின் எல்லைக்குள் ஏறத்தாழ 60 சங்கிலிகளுக்கு உரிய பொருள் புகுந்து கிடக்கிறது. இடியாப்பச் சிக்கல் என்று நாம் வழக்கில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இயற்கையில் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சங்கிலி தன் பிம்பத்தோடு தானே மோதிக்கொள்ளாதபடி, பக்கத்துக்கு 70 நானோமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பெட்டி வேண்டும். (பெட்டிக்குச் சுவர் கிடையாது, வலப்புறமாக வெளியேறும் அணு இடப்புறமாக உள்ளே வரும் என்று விதித்துவிடுவார்கள். மேற்பரப்பின் தொல்லை இல்லாமல் பொருளின் உட்பகுதியை மட்டும் பார்ப்பதற்கான பழைய உத்தி இது.) அந்தப் பெட்டிக்குள் 1,600 சங்கிலிகள் கொள்ளும், அதாவது ஏறத்தாழ 3.4 கோடி அணுக்கள். இன்றைய பெரிய கணினிகளுக்கு இது மலைப்பூட்டும் எண் அன்று. எண்ணிக்கையை மட்டும் கருதினால், நீங்கள் சொல்வது சரியே. அணு அணுவாகவே செய்துவிடலாம்.

காலத்தைக் கணக்கில் எடுத்தால்தான் நிலைமை புரியும். மூலக்கூறு இயக்கவியல் என்னும் முறையில், ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கூட்டி, நியூட்டனின் இயக்கச் சமன்பாட்டைக் கொண்டு அதைச் சிறிது நகர்த்தி, புதிய இடத்தில் மீண்டும் விசையைக் கணக்கிட்டு, மீண்டும் நகர்த்துகிறோம். அந்தச் 'சிறிது' எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பொருளில் உள்ள மிக வேகமான அசைவு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்க ஏறத்தாழ 11 ஃபெம்டோ வினாடி ஆகிறது. அந்த அசைவைத் தடுமாறாமல் பின்தொடர, ஒவ்வோர் அடியும் 1 ஃபெம்டோ வினாடி அளவில் இருக்க வேண்டும். ஒரு வினாடிக்கு 10-இன் 15-ஆம் படி அத்தனை அடிகள் என்று பொருள். மறுபுறம், நம் சங்கிலி தான் கிடக்கும் சிக்கலிலிருந்து முழுமையாக விடுபட்டுப் புதிய வடிவம் எடுக்க, உருகிய பாலிஎத்திலீனில் மில்லி வினாடிக் கணக்கில் நேரம் பிடிக்கும். 10 மில்லி வினாடி என்று வைத்துக்கொண்டால் 10-இன் 13-ஆம் படி அத்தனை அடிகள் எடுத்துவைக்க வேண்டும். 3.4 கோடி அணுக்களை ஓர் அடி நகர்த்த நம் கணினிக்கு ஒரு மில்லி வினாடியே போதும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், கணக்கு முடிய 300 ஆண்டுகளுக்கு மேலாகும். கணினிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பெட்டியைப் பெரிதாக்கலாம். ஆனால் ஓர் அடிக்குப் பின் அடுத்த அடி என்று வரிசையாகத்தான் நடக்க முடியும் என்பதால், காலத்தைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு எளிய வழி கிடையாது.

ஏன் ஒரு சங்கிலிக்கு இவ்வளவு நேரம் தேவைப்படுகிறது? இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்ல முடியாது என்பதே காரணம். அண்டைச் சங்கிலிகள் பக்கவாட்டு நகர்வை எல்லாத் திசையிலும் தடுத்துவிடுவதால், தான் கிடக்கும் பாதையின் வழியாகவே முன்னும் பின்னும் நெளிந்து, ஒரு முனையிலிருந்து வெளியேறுவது ஒன்றே சங்கிலிக்கு மிஞ்சும் வழி. இந்தப் பாதையை ஒரு குழாயாகக் கற்பனை செய்தவர் சாம் எட்வர்ட்ஸ். குழாய்க்குள் பாம்புபோல் ஊர்ந்து செல்லும் இயக்கத்தை 1971-இல் கணக்காக்கியவர் பியர்-கில் டி ஜென். குழாயை விட்டு வெளியேறும் நேரம் சங்கிலி நீளத்தின் 3-ஆம் படியில் வளரும் என்பது டி ஜென் பெற்ற விடை. அந்த நேரத்தோடு சேர்ந்தே வளரும் பாகுநிலையை (ஒழுகுவதற்குப் பொருள் காட்டும் தடையை) ஆய்வகத்தில் அளந்தவர்கள் கண்ட படி 3.4. குழாயின் நீளமே கூடிக் குறைவதும், அண்டைச் சங்கிலிகளும் நகர்ந்து வழிவிடுவதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று பின்னர் விளங்கியது. உருவகப்படுத்துபவருக்கு அந்த 3.4 என்ன செய்யும் என்று பாருங்கள்: சங்கிலியைப் பத்து மடங்கு நீளமாக்கினால் ஓய்வடையும் நேரம், அதாவது பழைய வடிவத்தை விட்டுப் புதிய வடிவம் எடுக்கும் நேரம், 2,500 மடங்காகும், சங்கிலிகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்தால் கணக்கிட வேண்டிய துகள்களும் பத்து மடங்காகும், ஆக, வேலை 25,000 மடங்கு கூடுகிறது.

ஆகவே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடலாம் என்பதற்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் இத்துறையே இருந்திருக்காது. நீண்ட சங்கிலியின் பல பண்புகள் அது எந்த வேதிப்பொருளால் ஆனது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. பாலிஸ்டைரீனோ பாலிஎத்திலீனோ, உருகிய நிலையில் முனைகளுக்கு இடையிலான தொலைவு, அலகுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். வேதியியல் வேறுபாடெல்லாம் அந்த வர்க்கமூலத்துக்கு முன்னால் நிற்கும் ஒரே ஒரு பெருக்கெண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல கரைப்பானில் தனித்து மிதக்கும் சங்கிலியோ இன்னும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். வர்க்கமூலத்தின் 1/2-க்குப் பதிலாக அங்கே படி 3/5 என்று வேதியியலாளர் பால் ஃபுளோரி கணித்தார். 10,000 அலகுகள் கொண்ட சங்கிலிக்கு வர்க்கமூலம் 100. இன்று ஏற்கப்படும் 0.588 என்ற படியில் அது ஏறத்தாழ 225. அடுக்கெண்ணில் உள்ள சிறு வேறுபாடு சங்கிலியின் அளவை இரட்டிப்புக்கும் மேலாக்கிவிடுகிறது.

இந்த 0.588 எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் பாலிமர்களைக் கணினியில் ஏற்றிய கதையே அங்குதான் தொடங்குகிறது. புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போன்ற ஒரு சதுரக் கட்டத்தில், ஒரு புள்ளியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் அடுத்துள்ள புள்ளிக்கு ஓர் அடி எடுத்துவையுங்கள். வந்த வழியே உடனே திரும்பக் கூடாது. சென்ற புள்ளிக்கு மறுபடியும் செல்லவும் கூடாது. இதுதான் தன்னைத் தவிர்க்கும் நடை. ஓரிடத்தில் இரண்டு அணுக்கள் இருக்க முடியாது என்பதற்கான மிக எளிய மாதிரி. மூன்று அடிவரை தொல்லையில்லை. நான்கு அடிகளுக்கு, உடனே திரும்பாத பாதைகள் 108, அவற்றில் 8 பாதைகள் ஒரு சிறு சதுரத்தைச் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்துவிடும், தேறுவது 100. அடிகள் கூடக் கூடத் தேர்ச்சி விகிதம் சரிந்துகொண்டே போகிறது. 100 அடிகளுக்குத் தாறுமாறாக நடந்து பார்த்தால், ஏறத்தாழ லட்சத்துக்கு ஒரு முயற்சிதான் தன்னை வெட்டிக்கொள்ளாமல் முடியும். மீதி முயற்சிகள் எல்லாம் வீண்.

இந்த வீணைத் தவிர்க்க மார்ஷல் ரோசன்புளூத்தும் அரியானா ரோசன்புளூத்தும் 1955-இல் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வோர் அடியிலும் காலியாக உள்ள புள்ளிகளில் மட்டும் தேர்ந்தெடுங்கள், எத்தனை காலியாக இருந்தன என்பதை எடையாகப் பெருக்கிக்கொண்டே வாருங்கள், சராசரி எடுக்கும்போது அந்த எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1953-இல், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மேனியாக் கணினியில், தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடும் மாண்டி கார்லோ முறையின் அடித்தளங்களில் ஒன்றான மெட்ரோபாலிஸ் வழிமுறையை நிரலாக எழுதியவரும் அரியானாவே. கட்டுரையின் முதற்பெயர் மெட்ரோபாலிஸ் என்பதால் வழிமுறை அவர் பெயரால் வழங்குகிறது. நிரல் எழுதிய பெண்மணியின் பெயர் பாடநூல்களுக்குள் வரவே பல பத்தாண்டுகள் ஆயின. 1969-இல் மோதி லால் இன்னும் துணிச்சலான ஓர் உத்தியைக் கொண்டுவந்தார்: நடையின் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து, அதற்குப் பிறகான பகுதி முழுவதையும் ஒரே திருப்பில் சுழற்றிவிடுவது. பெரும்பாலான திருப்பங்கள் மோதலில் முடிந்து நிராகரிக்கப்படும். ஆனால் தப்பும் ஒவ்வொரு திருப்பமும் சங்கிலியின் வடிவத்தையே மாற்றிவிடும். அதன் ஆற்றலை 1988-இல் நிறுவிக் காட்டியவர்கள் நீல் மெட்ராசும் ஆலன் சோக்கலும். (மெட்ராஸ் என்பது இங்கே ஒரு கணிதவியலாளரின் குடும்பப் பெயர்.) அதே உத்தியின் செம்மையாக்கப்பட்ட வடிவத்தைக் கொண்டு, சதுரக் கட்டத்துக்குப் பதிலாக முப்பரிமாணக் கட்டத்தில் 3.3 கோடி அடிகள் வரையிலான நடைகளை உருவாக்கி, அடுக்கெண் 0.587597 என்று நேதன் கிளிஸ்பி 2010-இல் கணக்கிட்டார். ஃபுளோரியின் 0.6 காகிதத்தில் போட்ட கணக்கு. அது இவ்வளவு நெருங்கி வந்தது, அவர் செய்த இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்துகொண்டதால் என்பது துறையில் அனைவரும் அறிந்த இரகசியம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சங்கிலியின் பாதியை ஒரே நொடியில் சுழற்றுவது இயற்கையில் நடக்காத செயல். ஆனாலும் விடை சரியாக வருகிறது. ஏனெனில் மாண்டி கார்லோ கேட்பது, சமநிலையில் எந்தெந்த வடிவங்கள் எவ்வளவு வாய்ப்போடு தோன்றும் என்பதை மட்டுமே. எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தோம் என்பதை அது கேட்பதில்லை. அளவு, வடிவம், அழுத்தம், கலப்பு ஆகியவற்றைக் கேட்கும்போது காலத் தடையை இப்படிக் குறுக்குவழியில் கடந்துவிடலாம். பாகுநிலை, பரவல், ஓய்வுநேரம் ஆகியவற்றைக் கேட்டால் குறுக்குவழி பயன்படாது. சங்கிலியை உண்மையான பாதையிலேயே நடத்தியாக வேண்டும்.

அதற்காகப் பிறந்ததுதான் நீங்கள் பார்த்த மணிகளும் சுருள்வில்களும். குர்ட் கிரெமரும் கேரி கிரெஸ்ட்டும் 1990-இல் வெளியிட்ட மாதிரி இன்றுவரை இத்துறையின் பொது மொழியாக இருக்கிறது. ஒரு மணி என்பது சில கார்பன்களின் திரட்சி. இரண்டு மணிகள் நெருங்கினால் தள்ளிக்கொள்ளும். ஈர்ப்பு வேண்டாம் என்று வெட்டிவிடுகிறார்கள். அடுத்தடுத்த மணிகளை ஒரு வில் இணைக்கிறது. அந்த வில் சாதாரண வில்லைப் போல் எவ்வளவு இழுத்தாலும் வராது, மணியின் விட்டத்தைப் போல் 1.5 மடங்கை நெருங்கும்போது விசை எல்லையின்றி ஏறிவிடும். தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் சேர்ந்து இணைப்பின் சராசரி நீளத்தை விட்டத்தின் 0.97 மடங்கில் நிறுத்துகின்றன. இந்த எண்களின் தேர்வில்தான் மாதிரியின் உயிர் இருக்கிறது. இரண்டு மணிகளுக்கு நடுவே இன்னொரு சங்கிலி நுழைந்து மறுபுறம் செல்ல வேண்டுமானால் இணைப்பு பெரிதும் நீள வேண்டும். அதற்கான ஆற்றல் வெப்ப அசைவுகளால் திரட்ட முடியாத அளவுக்குப் பெரியது. சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவா என்ற அந்த ஒரே விதியைக் காப்பாற்றிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். விளைவாக, நடுமணியின் சராசரி வர்க்க நகர்வு காலத்தின் 1/2-ஆம் படியிலிருந்து 1/4-ஆம் படியை நோக்கித் தளர்வதைக் கணினியில் காண முடிந்தது. குழாய்க்குள் அகப்பட்ட சங்கிலிக்கு டி ஜென் முன்னுரைத்த நடத்தை அதுவே. வேதியியலைத் துறந்ததால்தான் இயற்பியல் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்வேன்.

அதற்காக இந்த மாதிரி எல்லாவற்றையும் தீர்த்துவைத்தது என்று எண்ண வேண்டாம். இரண்டு சிக்கல்களுக்கு இடையே எத்தனை மணிகள் என்ற எளிய கேள்விக்கே, தொடக்கத்தில் ஏறத்தாழ 35 என்றார்கள். சங்கிலிகளின் முனைகளைப் பிடித்து நிறுத்தி, நடுப்பகுதியை இறுக்கி, பின்னலின் வடிவத்தை நேரடியாகப் பார்த்துக் கணித்தவர்கள் 85 வரை சென்றார்கள். மாதிரி ஒன்றுதான்; 'சிக்கல்' என்று எதைச் சொல்கிறோம் என்பது மாறியது.

இனி நம்பிக்கை பற்றிய இரண்டாம் கேள்வி. மாதிரி சரியா தவறா என்பதைவிட, மாதிரி தன் சமநிலையை எட்டியதா என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். ஆய்வைத் தொடங்கிய புதிதில், 200 மணிகள் கொண்ட 100 சங்கிலிகளைப் பெட்டிக்குள் தாறுமாறான நடைகளாகப் போட்டு, மணிகளுக்கிடையேயான தள்ளுவிசையை முழுவதுமாக முடுக்கிவிட்டேன். தாறுமாறான நடையில் பல மணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அவற்றின் மீதான விசை எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு ஏறி, சில அடிகளுக்குள் மணிகள் பெட்டியை விட்டே பறந்தன. இணைப்பின் அணுக்களைக் காணவில்லை என்ற அறிவிப்போடு நிரல் நின்றது. அடுத்த முறை விசையை மெல்ல மெல்ல ஏற்றினேன். நிரல் நிற்கவில்லை. சில ஆயிரம் அடிகளுக்குள் ஆற்றலும் அழுத்தமும் நேர்கோடாயின. சமநிலை வந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பாகுநிலையைக் கணக்கிட்டு, வரைபடத்தோடு வழிகாட்டியிடம் போய் நின்றேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. "ஒரு சங்கிலி தன் அளவுக்காவது இடம் பெயர்ந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

பெயரவில்லை. அதன் பொருள் எனக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது. ஆற்றலும் அழுத்தமும் அண்டை மணிகளின் நெருக்கத்தால் தீர்மானிக்கப்படுபவை; அந்த நெருக்கம் நொடியில் சீராகிவிடும். சங்கிலியின் வடிவமோ அதன் முழு நீளமும் ஓய்வடைந்தால்தான் சீராகும். நேர்கோடான ஆற்றலைக் காட்டிச் சமநிலை என்று சொல்வது, சாலைக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நிற்க இடம் கிடைத்துவிட்டதால் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்வதைப் போன்றது. பிறகு வழிகாட்டி சொன்ன சோதனையைச் செய்தேன். சங்கிலியில் 5 மணி இடைவெளி, 10 மணி இடைவெளி, 50 மணி இடைவெளி என்று எல்லா இடைவெளிகளுக்கும் வர்க்கத் தொலைவின் சராசரியை எடுத்து, இடைவெளியால் வகுத்து வரைவது அந்தச் சோதனை. ஓய்வடைந்த சங்கிலிக்கு இந்தக் கோடு ஏறி, மெல்லத் தட்டையாகும். என் கோட்டில் நடுவே ஒரு கூன் இருந்தது: மணிகளைத் தள்ளிப் பிரித்தபோது சங்கிலியின் குறும்பகுதிகள் இழுபட்டு, அப்படியே சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. நான் கணக்கிட்ட பாகுநிலை, இயற்கையில் இல்லாத ஒரு பொருளின் பாகுநிலை. அன்றுமுதல் யாருடைய கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்தக் கோட்டைத்தான் தேடுகிறேன்.

மணிமாதிரியால் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாலிஸ்டைரீன் ஏன் 100 டிகிரி செல்சியஸ் அருகில் இளகுகிறது, ஒரு குறிப்பிட்ட படலம் ஆக்சிஜனை எவ்வளவு கசியவிடும், நைலான் எவ்வளவு ஈரம் உறிஞ்சும் என்றெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது. அங்கே வேதியியலே விடை. அணுக்களோடு செய்தாலும், குளிரும் பாலிமர் கண்ணாடிபோல் இறுகும் கண்ணாடி நிலைமாற்றத்தில் காலம் மீண்டும் குறுக்கிடும். கணினியில் ஒரு நானோ வினாடிக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விப்பதே நிதானமான வேகம் எனப்படுகிறது. ஆய்வகத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி. முதல் வேகம் இரண்டாவதைப் போல் ஏறத்தாழ 10-இன் 10-ஆம் படி மடங்கு. குளிர்விக்கும் வேகம் பத்து மடங்கு கூடும்போது நிலைமாற்ற வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு ஏறும் என்பது நடைமுறை விதி; ஆகவே கணினி தரும் மதிப்பு 30 டிகிரி கூடுதலாக வந்தால் அது எதிர்பார்த்ததே. ஆய்வக மதிப்போடு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று யாராவது காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இதே போல், மணிகளை மென்மையாக்கி, ஒன்றுக்குள் ஒன்று புகவிடும் மாதிரிகளும் உண்டு. இரண்டு வகைப் பாலிமர்கள் எப்படிப் பிரிந்து அடுக்குகளாகும் என்பதைப் பார்க்க அவை மிக வேகமானவை, நம்பத்தக்கவையும்கூட. ஆனால் அவற்றில் சங்கிலிகள் ஒன்றையொன்று தாராளமாகக் கடந்து செல்லும். அப்படிப்பட்ட மாதிரியைக் கொண்டு உருகிய பாலிமரின் பாகுநிலையைக் கணித்திருந்தால், அந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம்.

இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, குறிப்பிட்ட ஒரு பாலிமரின் அடையாளத்தை இழக்காமல் சுருக்கும் முறைகள் உள்ளன. ஹைட்ரஜன்களைக் கார்பனோடு சேர்த்து ஒரே துகளாக்குவது முதற்படி. மார்ட்டினி என்னும் மாதிரி, ஹைட்ரஜன் நீங்கலாக ஏறத்தாழ நான்கு அணுக்களுக்கு ஒரு மணி என்று வைக்கிறது. இத்தகைய சுருக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு: அணுக்களின் மேடு பள்ளங்களை வழித்துவிட்டதால் மணிகள் உண்மையைவிட வேகமாக வழுக்கிச் செல்லும். மார்ட்டினியில் கடிகாரத்தை நான்கால் பெருக்கிப் படிப்பது வழக்கம். அந்த நான்கு ஒரு தோராயம். எல்லாப் பொருளுக்கும் எல்லா வெப்பநிலைக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

புரதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒப்பிட்டால் விளங்கும். புரதமும் சங்கிலிதான், ஆனால் அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் செய்தது, பிற்காலக் கணினி மாதிரிகள் செய்வதன் கரு என்றே சொல்லலாம்: அணுக்களைக் கெட்டியான கோளங்களாகக் கொண்டு, முதுகெலும்புச் சங்கிலியின் இரண்டு திருகு கோணங்களை ஒவ்வொன்றாக மாற்றி, எந்தக் கோணச் சேர்க்கையில் கோளங்கள் இடிக்காமல் இருக்கின்றன என்று வரைபடமாக்கினார்கள். ஆற்றலைக்கூடக் கணக்கிடாமல், 'இடிக்கக் கூடாது' என்ற ஒரே நிபந்தனையால் வரைபடத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டுவிட்டது. இன்றும் புதிதாகத் தீர்க்கப்படும் புரத அமைப்புகள் அந்த வரைபடத்தைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன. 1977-இல் 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை முதன்முதலாக இயக்கிப் பார்த்தபோது, மார்ட்டின் கார்ப்பிளஸ் குழுவினர் எட்டிய காலம் 10 பிக்கோ வினாடிக்கும் குறைவு. அதே புரதத்தை 2010-இல், இதற்கென்றே வடிவமைத்த ஆண்டன் என்னும் கணினியில், ஒரு மில்லி வினாடிவரை கொண்டுசென்றார்கள். ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் இந்தப் பாதையை விட்டுவிட்டு, தெரிந்த அமைப்புகளிலிருந்து கற்று வடிவத்தை நேராகச் சொல்லிவிடுகிறது. உருகிய பாலிஎத்திலீனுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை; அங்கே சொல்வதற்கு ஒரே வடிவம் என்று எதுவும் கிடையாது, கோடானுகோடி வடிவங்களின் பரவல்தான் விடை. இயந்திரக் கற்றலால் உருவாக்கப்படும் விசைப்புலங்கள் (அணுக்களுக்கிடையேயான விசையைத் தரும் சூத்திரங்கள்) பாலிமர்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. விசையின் துல்லியத்தை அவை கூட்டும். ஃபெம்டோ வினாடி அடி மட்டும் அப்படியே இருக்கும்.

நீங்களே தொடங்கிப் பார்க்க விரும்பினால், லாம்ப்ஸ் என்னும் நிரல் இலவசம். மணிமாதிரிக்குச் சாதாரண மேசைக்கணினி போதும். 50 மணிகள் கொண்ட சங்கிலிகளோடு தொடங்குங்கள். அவை இன்னும் சிக்கலுக்குள் அகப்படாத நீளம், ஆகவே ஓரிரவில் ஓய்வடைந்துவிடும். அடர்த்தி 0.85, வெப்பநிலை 1, உராய்வு 0.5 என்பவை இம்மாதிரியின் வழக்கமான அலகற்ற எண்கள். முனைத் தொலைவு வர்க்கத்தின் சராசரியை, சுழல் ஆரத்தின் (நிறைமையத்திலிருந்து மணிகள் எவ்வளவு பரவியுள்ளன என்று காட்டும் அளவின்) வர்க்கச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 6-க்கு அருகில் வர வேண்டும். வந்த பிறகு, சங்கிலிகளின் நிறைமையம் அந்தச் சுழல் ஆரத்தைப்போல் சில மடங்காவது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் 500 மணிகளுக்குப் போகலாம்.